ஒரே ஊர், ஒரே நாள், ஆனால் எங்கள் தெரு மட்டும் ஏன் இப்படிக் கொதிக்கிறது?

மேல்தளம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வெப்ப அலை எச்சரிக்கை வந்த நாளிலிருந்து வானிலைச் செயலியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். ஊர் முழுவதற்கும் ஒரே எண்தான் காட்டுகிறது. பகலில் 41, விடியற்காலையில் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் தெருவில் நள்ளிரவு தாண்டியும் ஜன்னலைத் திறந்தால் அனல்தான் உள்ளே வருகிறது, மேற்குப் பார்த்த சுவரில் கை வைத்தால் இன்னும் சுடுகிறது, மின்விசிறி அந்த வெக்கையையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது. இதே ஊரில் சில கிலோமீட்டர் தள்ளி, பெரிய பூங்காவை ஒட்டின தெருவில் அக்கா குடியிருக்கிறார். அங்கே பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே காற்று இளகிவிடுகிறது. பிள்ளைகள் அங்கே போனால் நன்றாகத் தூங்குகிறார்கள், இங்கே புரண்டுகொண்டே கிடக்கிறார்கள், ஆகையால் இது என் மனப்பிரமை இல்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. செயற்கைக்கோள் எடுத்த வெப்ப வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் பகுதி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, சரி. ஆனால் ஊருக்கு வெளியே கட்டடமே இல்லாத பொட்டல்வெளி எங்களைவிடக் கருஞ்சிவப்பாக இருக்கிறது. கட்டடங்கள்தான் சூட்டைக் கூட்டுகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள், அப்படியானால் அது எப்படி? அந்த வரைபடத்தை நம்புவதா, செயலியை நம்புவதா, என் உடம்பை நம்புவதா?

அப்புறம் எங்கள் பகுதிக்காரர்கள் சேர்ந்து நகராட்சியிடம் ஏதாவது கேட்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சிலர் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கச் சொல்கிறார்கள், சிலர் மரம் என்கிறார்கள், ஒருவர் சாலைக்கே வெளிர்நிறப் பூச்சு பூசச் சொல்கிறார். எதைக் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாதரசம் எழுதியது:

மூன்றையும் நம்பலாம், ஏனென்றால் மூன்றும் அளப்பது வேறு வேறு விஷயங்களை.

செயலியில் வரும் எண்ணுக்கு அடிப்படை அதிகாரபூர்வ வானிலை நிலையம். அங்கே வெப்பமானியை எப்படி வைக்க வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கிறது: தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், வெயில் நேராகப் படாத, காற்றோட்டமான கூண்டுக்குள், சுற்றிலும் கட்டடம் இல்லாத புல்தரையில். பல ஊர்களில் இது விமான நிலையத்தில் இருக்கும். ஊருக்கு ஊர் ஒப்பிடவும், ஐம்பது வருடத்துக்கு முந்தைய வெப்பத்தோடு இன்றைய வெப்பத்தை ஒப்பிடவும் இப்படி அளப்பதுதான் சரி. ஆனால் நெருக்கமாகக் கட்டின தெருவில், காற்றே இல்லாத அறையில் படுத்திருப்பவர் எவ்வளவு சூட்டில் இருக்கிறார் என்று அந்தக் கூண்டால் சொல்ல முடியாது. அதற்காக அதை வைக்கவுமில்லை.

செயற்கைக்கோள் காற்றை அளப்பதே இல்லை. தரை, கூரை, சாலை, மரத்தின் உச்சி ஆகியவை வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைப் பார்த்து அந்தப் பரப்பின் சூட்டைக் கணக்கிடுகிறது. நல்ல வெயிலில் தார்ச்சாலையின் பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், அதே நேரம் அதன்மேல் தலை உயரத்தில் இருக்கும் காற்று 41ஆக இருக்கலாம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் எடுத்த படமாக இருக்கும். லேண்ட்சாட் 8, 9 இரண்டும் ஓர் இடத்தின்மேல் உள்ளூர் நேரம் காலை பத்து மணியை ஒட்டித்தான் கடக்கின்றன, ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை. அவற்றின் வெப்ப உணரியில் ஒரு புள்ளி என்பது 100 மீட்டர் சதுரம். அதாவது உங்கள் தெரு, பக்கத்துத் தெரு, இடையில் ஒரு வேப்ப மரம் இருந்தால் அதுவும், எல்லாம் கலந்து ஒரே நிறமாக வந்திருக்கும்.

இப்போது அந்தப் பொட்டலுக்கு வருவோம். காய்ந்த வெற்று மண்ணில் ஈரம் இல்லை, ஆகவே வெயில் கொண்டுவரும் சக்தியில் எதுவும் நீரை ஆவியாக்கச் செலவாகாது. வறண்ட மண்ணுக்குள் சூடு ஆழமாகவும் இறங்காது. வந்த சூடு முழுக்க மேல்பரப்பிலேயே நிற்பதால் காலை பத்து மணிக்கே அது கொதிக்கும். ஆனால் பொழுது விழுந்ததும் அதே காரணத்தால் சீக்கிரம் ஆறிவிடும், தலைக்குமேல் வானம் முழுதாகத் திறந்திருப்பதால் சூட்டைத் தடையில்லாமல் வெளியே விட்டுவிடும். உங்கள் தெரு இதற்கு நேர்மாறு. பகலெல்லாம் நிதானமாக வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் கொடுக்கிறது. அந்தப் படத்தை இரவு இரண்டு மணிக்கு எடுத்திருந்தால் நிறங்கள் இடம் மாறியிருக்கும்.

வறண்ட பகுதிகளில் பல நகரங்கள் நண்பகலில் தங்களைச் சுற்றியிருக்கும் வெற்று நிலத்தைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாகவே இருப்பதுண்டு. இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூக் ஹோவர்ட் என்பவர், மேகங்களுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான், லண்டனுக்குள்ளும் வெளியிலுமாகப் பல வருடம் வெப்பநிலையைக் குறித்து வைத்தார். நகரம் இரவில் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடு, பகலில் மிகச் சிறிதளவு குளிர்ச்சி என்று வந்தது. இருநூறு வருடமாக இது தெரியும், இன்னும் நாம் எச்சரிக்கை கொடுப்பது பெரும்பாலும் பகல் உச்சத்தை வைத்துத்தான் என்பது எனக்குப் பெரிய வருத்தம். நகரத்தின் சூட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் விடியற்காலை எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.


செங்கல் எழுதியது:

கட்டடத் துறையில் இருப்பவன் என்ற முறையில் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

கான்கிரீட்டும் செங்கல்லும் கருங்கல்லும் நிறையச் சூட்டை உள்ளே வாங்கும், அதை மெல்ல மெல்லத்தான் வெளியே விடும். மேற்குச் சுவர் மதியத்திலிருந்து அந்தி வரை வெயில் குடிக்கிறது. வெளிப்புறத்தில் பட்ட சூடு சுவரைக் கடந்து உள்பக்கம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகிறது, சுவரின் கனத்தைப் பொறுத்து. ஆகவே வெளியே கொஞ்சம் தணியத் தொடங்கும் நேரத்தில்தான் உங்கள் படுக்கையறைச் சுவர் உச்ச சூட்டுக்கு வருகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பவர்களுக்கு இதே கதை தலைக்குமேல் நடக்கிறது. பகல் முழுக்க வெயில் வாங்கும் பரப்பு கூரைதானே. உங்கள் பெயரைப் பார்த்தால் நீங்களும் மேல்தளத்தில்தான் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. தகரக் கூரையென்றால் வேறு மாதிரி: அது சூட்டைத் தேக்கி வைக்காது, ஆனால் பகலில் கீழே இருப்பவரை நேரடியாக வாட்டும்.

அடுத்தது தெருவின் வடிவம். குறுகலான தெரு, இரண்டு பக்கமும் உயரமான கட்டடம் என்றால் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். இரவில் சுவர்களும் தரையும் குளிர வேண்டுமானால் தங்கள் சூட்டைக் கதிர்வீச்சாக வானத்துக்கு அனுப்ப வேண்டும். வானம் தெரியாத இடத்தில் இந்தச் சுவர் விடும் சூட்டை எதிர்ச் சுவர் வாங்குகிறது, அது விடுவதை இது வாங்குகிறது. கனடாவைச் சேர்ந்த டிமதி ஓக் என்ற வானிலை அறிஞர் 1970களிலிருந்து இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார், தெருவின் அகலத்தோடு ஒப்பிடும்போது கட்டட உயரம் கூடக் கூட, காற்றில்லாத தெளிந்த இரவுகளில் நகரத்துக்கும் வெளிப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு கூடுகிறது என்று காட்டினார். ஆனால் இதே குறுகல் தெரு பகலில் நிழல் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய நகரங்களின் சந்துகளை அப்படிக் கட்டினதற்குக் காரணம் உண்டு. நீங்கள் பகலில் எங்கே இருக்கிறீர்கள், இரவில் எங்கே தூங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே தெரு நல்லதாகவும் கெட்டதாகவும் இருக்கும்.

மூன்றாவது ஏசி. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் சூட்டை அள்ளினால் வெளியே கொட்டுவது நான்கு யூனிட், செலவழித்த மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் போய்ச் சேரும். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரை வைத்து 2014இல் வெளிவந்த கணினி மாதிரி ஆய்வு ஒன்று, ஏசிகளின் கழிவுச் சூட்டால் சில பகுதிகளில் இரவு வெப்பநிலை 1 டிகிரிக்கும் மேல் கூடுகிறது என்றது. ஏசி வைத்தவர்களைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை, வெப்ப அலையில் அது உயிர் காக்கும் கருவி. ஆனால் ஒரே சந்தில் பத்து ஏசிப் பெட்டிகள் முகத்துக்கு முகம் பார்த்து ஊதிக்கொண்டிருந்தால், நடுவில் ஏசி இல்லாத வீட்டு ஜன்னல் இருந்தால், அந்த வீட்டுக்காரர் மற்றவர்களின் சூட்டையும் சேர்த்துச் சுமக்கிறார். இதைக் கட்டும்போதே யோசித்து அந்தப் பெட்டிகளைக் கூரைக்குக் கொண்டுபோக வேண்டும், சந்துக்குள் தொங்கவிடக் கூடாது.


மேல்தளம் எழுதியது:

ஆமாம், மேல்தளமேதான். இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பொட்டல் விஷயம் இப்போது விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரே ஏழு மாடிக் கட்டடம், தெரு ஒரு வண்டி போகும் அகலம், காற்று வரும் பக்கத்தில் புதிதாக ஒரு வணிக வளாகம் எழும்பியிருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படிக்கப் படிக்க எங்கள் தெருவை நேரில் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இரவில் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் என்பது அவ்வளவு பெரிய விஷயமா? பகலில் 41ஐத் தாங்கிக்கொள்கிறோம், இரவில் 31ஆக இருந்தால் என்ன, 28ஆக இருந்தால் என்ன என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.


இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு இதைக் காட்டுங்கள்.

பகல் முழுக்க உடம்பு சூட்டோடு போராடுகிறது. தோலுக்கு ரத்தத்தை அதிகமாக அனுப்ப வேண்டும், அதற்காக இதயம் வேகமாகத் துடிக்க வேண்டும், வியர்வைக்கு நீரும் உப்பும் போகிறது, சிறுநீரகம் சிரமப்படுகிறது. இந்த உழைப்புக்கு ஓய்வு இரவில்தான். அறை ஆறாவிட்டால் அந்த ஓய்வு கிடைக்காமலே அடுத்த நாள் தொடங்குகிறது, அதற்கடுத்த நாளும் அப்படியே. முதல் நாள் பெரும்பாலானவர்கள் சமாளித்துவிடுவார்கள். அடுத்தடுத்த நாட்களில்தான் முதியவர்கள், இதய நோயாளிகள், சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, சில மனநல மருந்துகள், சில ரத்த அழுத்த மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் ஏற்கெனவே குறைந்திருக்கும். அவர்கள் மருந்தைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, கோடைக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். வெப்பத்தாக்கு என்று எழுதப்படும் மரணங்கள் கொஞ்சம்தான், பெரும்பாலானவை மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்று வேறு பெயரில் பதிவாகிவிடும். அதனால்தான் வழக்கமான எண்ணிக்கையைவிட எத்தனை பேர் அதிகமாக இறந்தார்கள் என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

2003 ஆகஸ்டில் பிரான்ஸில் அப்படிக் கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய 15,000 பேர். அங்கே முதியவர்களிடையே செய்த ஆய்வில், படுக்கையறை கூரைக்கு நேர் கீழே இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. 1995 ஜூலையில் சிகாகோவில் சில நாட்களில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களையும் பக்கத்திலேயே வாழ்ந்து பிழைத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: தனியாக வாழ்ந்தவர்கள், வீட்டைவிட்டு வெளியே வராதவர்கள், மேல்தளத்தில் இருந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். ஏசி இருந்தவர்கள், போக ஒரு வண்டி இருந்தவர்கள், விசாரிக்க ஆள் இருந்தவர்கள் தப்பித்தார்கள். அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள், அந்த அதிர்ச்சியில்தான் 2013இல் அந்த நகரம் தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது.

மின்விசிறி பற்றி ஒரு வார்த்தை. அறையின் சூடு 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை விசிறி உதவும், அதற்கு மேல் போனால் அது உடம்புக்குச் சூட்டை ஏற்றவும் கூடும் என்று உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது. அந்த நேரத்தில் தோலை நனைத்துக்கொள்வது, ஈரத்துணி போர்த்துவது, குளிர்ந்த இடத்துக்கு ஓரிரு மணி நேரமாவது போவது, இவைதான் வழி. உங்கள் தெருவில் மேல்தளத்தில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். நகராட்சிக்கு மனு எழுதுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். குழப்பமாகப் பேசினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், அது வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்.


ஊர்க்கணக்கு எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் இந்த வித்தியாசம் இயற்கையாக அமைந்துவிட்டது போல இங்கே பேசுகிறோமோ என்று தோன்றுகிறது. எந்தத் தெருவில் மரம், எந்தத் தெருவில் கிடங்கு, எங்கே அகலச் சாலை, எங்கே நெருக்கடி என்பதை யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

இதற்குத் தெளிவான சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1930களில் அங்கே ஒரு அரசு நிறுவனம் நகரங்களின் குடியிருப்புப் பகுதிகளை வீட்டுக் கடனுக்கு ஏற்றவை, ஆபத்தானவை என்று தரம் பிரித்து, ஆபத்தானவற்றைச் சிவப்பில் குறித்து வரைபடம் போட்டது. கறுப்பினத்தவரும் புலம்பெயர்ந்தவர்களும் வாழ்ந்த இடங்கள் பெரும்பாலும் சிவப்புக் கோட்டுக்குள் விழுந்தன, அங்கே முதலீடு வரவில்லை, பூங்கா வரவில்லை, நெடுஞ்சாலைகளும் ஆலைகளும் வந்தன. 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 108 நகரங்களின் பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் வெப்பப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தார்கள். சிவப்புப் பகுதிகள் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி அதிகச் சூடு. எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட கோடு இன்றைக்கும் தரையில் சூடாக இருக்கிறது! (பாதரசம் சொன்னபடி இது பரப்பின் சூடு, காற்றின் சூடு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் 108 நகரங்களில் 94 சதவீதத்தில் இதே போக்கு என்றால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.)

மற்ற நாடுகளில் கோடுகள் வேறு மாதிரி விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே மேல்தளம், மனுவில் "எங்கள் தெரு சூடாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். அக்கா வீட்டுத் தெருவுக்கு எத்தனை மரம், உங்கள் தெருவுக்கு எத்தனை மரம், நடந்து போகும் தூரத்தில் நிழலான பொது இடம் எது, புதிய வளாகத்துக்கு அனுமதி கொடுக்கும்போது காற்று வரும் பக்கம் அடைபடும் என்று யாராவது பார்த்தார்களா, இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

காற்றுவழி என்பது கனவுப் பேச்சு இல்லை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தில் இருக்கிறது, காற்று குறைவு. அங்கே நகராட்சியே 1938இல் வானிலை அறிஞர் ஒருவரைப் பணிக்கு வைத்தது. இரவில் சுற்றியுள்ள குன்றுச் சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று நகருக்குள் இறங்கும் பாதைகள் எவை என்று வரைபடம் வைத்திருக்கிறார்கள், அந்தப் பாதைகளில் கட்டடம் எழும்பாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.


வேர் எழுதியது:

மரமா, வெள்ளைப் பூச்சா, சாலைப் பூச்சா என்ற கேள்விக்கு வருகிறேன், யாரும் இன்னும் தொடவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மனிதர்கள் நடக்கிற இடத்துக்கு மரம், கூரைக்கு வெள்ளை, சாலைப் பூச்சை அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம்.

சாலைப் பூச்சு ஏன் வேண்டாம் என்றால், அது சாலையைக் குளிர்விக்கிறது, சாலையில் நிற்கும் மனிதரைக் குளிர்விப்பதில்லை. பீனிக்ஸ் நகரில் வெளிர்நிறப் பூச்சு பூசிய சாலைகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தார்கள். நண்பகலில் சாலையின் பரப்பு சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறைந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் தரையில் பட்டுத் தெறிக்கும் வெயில் அங்கே நடப்பவர் உடம்பில் விழுந்ததால், அவர் வாங்கும் மொத்தக் கதிர்வீச்சுச் சூடு பகலில் சுமார் 3 டிகிரி கூடியது. கார் போகும் பெரிய வாகன நிறுத்தத்துக்குச் சரி, குழந்தைகள் நடந்து பள்ளிக்குப் போகும் தெருவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கூரை அப்படியில்லை, அங்கே பகலில் யாரும் நிற்பதில்லை, தெறிக்கும் வெயில் நேராக வானத்துக்குப் போய்விடும். புதிதாகப் பூசிய நல்ல வெள்ளைக் கூரை தன்மேல் விழும் வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும், புதிய தார்ப் பரப்பு இருபதில் ஒரு பங்கு மட்டும். தூசி படியப் படிய வெள்ளையின் பலன் குறையும், ஆகவே கழுவுவதும் மறுபடி பூசுவதும் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

மரம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று நிழல். நிழலுக்குள் காற்றின் வெப்பநிலை பெரிதாகக் குறைவதில்லை, ஒன்றிரண்டு டிகிரிதான், ஆனால் தலையிலும் தோளிலும் விழும் வெயில் நின்றுவிடுகிறது, காலடியில் தரை சுடாமல் இருக்கிறது, உடம்பு உணர்வது அதைத்தான். இன்னொன்று இலை வழியாக நீரை ஆவியாக்குவது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரத்துக்குக் கொஞ்சம் குறைவான சக்தி வேண்டும், அந்தச் சக்தி சுற்றியிருக்கும் சூட்டிலிருந்து போகிறது. ஒரு பெரிய மரம், வேருக்கு நீர் கிடைத்தால், ஒரே நாளில் நூறு லிட்டருக்கு மேல் கூட விடும்.

"வேருக்கு நீர் கிடைத்தால்" என்பதுதான் எல்லோரும் மறக்கிற பகுதி. கடும் வறட்சியில் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், நிழல் மட்டும் மிஞ்சும். சிமெண்ட் நடைபாதையில் ஒரு அடிச் சதுரக் குழி தோண்டி நட்ட கன்று பத்து வருடத்திலும் பெரிய மரமாகாது. நகராட்சிகள் எண்ணிக்கை காட்டுவதற்காகக் கன்று நடும், ஆனால் இரண்டாம் கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது, இதை எத்தனையோ இடத்தில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ஏற்கெனவே நிற்கும் முதிர்ந்த மரத்தை வெட்டாமல் காப்பாற்றுவது நூறு கன்று நடுவதைவிடப் பெரிய காரியம், மனுவில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.

மரத்தின் பலன் உயிர்க்கணக்கிலும் தெரிகிறது. ஐரோப்பாவில் 93 நகரங்களை எடுத்து 2015 கோடையை ஆராய்ந்தார்கள், நகரச் சூட்டினால் மட்டும் சுமார் 6,700 அகால மரணங்கள் என்று மதிப்பிட்டார்கள். மரப் பரப்பு 30 சதவீதமாக இருந்திருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு, 2023இல் வெளியானது. கொலம்பியாவின் மெதெயின் நகரம் 2016 முதல் சாலையோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் 30 பசுமை வழித்தடங்களை உருவாக்கியது, அவற்றைப் பராமரிக்க ஆட்களுக்குத் தோட்டப் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுத்தது. அங்கே பாராட்ட வேண்டியது அந்தப் பராமரிப்பைத்தான்.


செங்கல் எழுதியது:

வேர், பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு திருத்தம். குறுகிய தெருவில் இரண்டு பக்கக் கிளைகளும் கூடி முழுசாக மூடிவிடும்படி மரம் வைத்தால் பகலில் சொர்க்கம், இரவில் சூடு வெளியேறும் வழி ஓரளவு அடைபடும், வாகனப் புகையும் கீழேயே நிற்கும். மேல்தளம் சொல்லும் தெரு மாதிரி இடத்தில் வெயில் அதிகம் விழும் பக்கத்தில் மட்டும் இடைவெளி விட்டு நடுவது நல்லது. அதற்கும் இடமில்லை என்றால் மேற்குச் சுவருக்கு வெளியே கம்பிப்பந்தல் போட்டுக் கொடி ஏற்றலாம், அல்லது சாதாரண மூங்கில் தட்டியையே சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடலாம். வெயிலைச் சுவர் தொடுவதற்கு முன்னால் வெளியிலேயே நிறுத்துவதுதான் முக்கியம், ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது, சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.


மேல்தளம் எழுதியது:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இரவுப்பணி சொன்ன பட்டியலை இன்றைக்கே தொடங்குகிறோம், எதிர்க் கட்டடத்துப் பெண்கள் சிலர் உதவ முன்வந்திருக்கிறார்கள்.

நகராட்சியில் கண்டிப்பாக ஆதாரம் கேட்பார்கள். நாங்களே அளக்க முடியுமா? அளந்தால் மதிப்பார்களா?


பாதரசம் எழுதியது:

முடியும். முறையாக அளந்தால் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1927இல் வியன்னாவில் வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற அறிஞர் காரில் வெப்பமானியைக் கட்டிக்கொண்டு இரவில் தெருத்தெருவாக ஓட்டித்தான் அந்த நகரத்தின் வெப்ப வரைபடத்தைப் போட்டார். அமெரிக்காவில் 2017இலிருந்து பல நகரங்களில் தன்னார்வலர்கள் கார் ஜன்னலில் உணரியை மாட்டிக்கொண்டு காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை ஓட்டி அளந்திருக்கிறார்கள், அரசின் வானிலை அமைப்பே அதற்குத் துணை நின்றிருக்கிறது.

உங்களுக்குக் கார் வேண்டாம். ஒரே மாதிரியான டிஜிட்டல் வெப்பமானி நான்கைந்து வாங்குங்கள், தானாகப் பதிவு செய்யும் வகை என்றால் இன்னும் நல்லது. முதலில் எல்லாவற்றையும் ஓர் இரவு ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள், மலிவான கருவிகளுக்குள் ஒரு டிகிரி வேறுபாடு சாதாரணம், இதைச் செய்யாவிட்டால் மற்ற எல்லாம் வீண். அப்புறம் உங்கள் தெருவில் இரண்டு இடம், பூங்கா ஓரத் தெருவில் இரண்டு இடம் என்று மாட்டுங்கள். தலை உயரத்தில், வெயில் நேரே படாமல், வெள்ளை மறைப்புக்குள், காற்று ஊடுருவும்படி. சுவரை ஒட்டியும் வேண்டாம், ஏசிப் பெட்டியின் எதிரிலும் வேண்டாம், அப்படி வைத்தால் அதிகாரி முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார்.

எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பார்ப்பது அவசியம். மதியம் மூன்று மணி, இரவு பத்து மணி, விடிவதற்குச் சற்று முன்பு, இந்த மூன்று வேளை போதும். காற்று வீசியதா, மேகம் இருந்ததா, மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். காற்றில்லாத தெளிந்த இரவில் வேறுபாடு பெரிதாகவும், காற்றடித்த இரவில் சிறிதாகவும் வரும். சிறிதாக வந்த நாளையும் மறைக்காமல் சேர்த்துக் கொடுங்கள், அதைப் பார்த்தால்தான் மற்ற நாட்களையும் நம்புவார்கள். ஈரப்பதத்தையும் குறிக்க முடிந்தால் குறியுங்கள், ஈரக்காற்றில் வியர்வை காயாது, அதனால் 31 டிகிரி ஒரு நாள் தாங்கும்படியும் இன்னொரு நாள் தாங்க முடியாமலும் இருக்கும்.

ஒரு கருவியை மட்டும் மேல்தள வீடு ஒன்றின் படுக்கையறைக்குள் வையுங்கள், முடிந்தால் அந்தப் பட்டியலில் இருக்கும் முதியவர் ஒருவரின் அறையில், அவரிடம் கேட்டுக்கொண்டு. தெருவின் எண்ணையும் நிலையத்தின் எண்ணையும் அந்த அறையின் எண்ணையும் ஒரே தாளில் மணிவாரியாகப் போட்டுக் கொண்டுபோங்கள்.